நனையாத சட்டை

தம்பிக்கு அண்ணி சொல்லி எழுதுவது.

எழுதித் தருவது எதிர்வீட்டு பிரபா. அவளுடைய புது மிக்சி போட்ட சத்தத்தில் ஈஜிபுராவில் இருந்த ஒரே பூனையும் ஓடிவிட்டது. அதை விடு.

உன் அண்ணன் எழுந்து நின்றால் கண் இருட்டி விழுகிறார். நீர் பிரியவும் சிரமம்.

டாக்டரம்மா, "மூளையில கோளாறு, பரம்பரையா வர்றது. நாப்பதுக்கு மேலதான் தெரியும். வேர்வை முன்னாடியே நின்னிருக்குமே?" என்றார்.

"பெங்களூர் குளிருன்னு நெனச்சோம்மா."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி, வேலூர்ல."

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். "நாப்பது தாண்டியும் ராஜ உடம்பு, அண்ணி! வேலூர் வெயில்லகூட வேர்க்கறதில்ல." பிரபா படித்ததும் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வா தம்பி. கறிக்குழம்பு வைக்கிறேன். சட்டை நனைந்து வாசலில் வந்து நின்றால் போதும்.

உன் அண்ணி