உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் அச்சோல்

என் ராசா, கோபக்கார அந்தோணி அண்ணனுக்கு,

நீ போய் வருஷம் ஒண்ணு ஆயிடுச்சு. உன் போன் நம்பரை இன்னும் நான்தான் விடாம வச்சிருக்கேன். "இல்லாத ஆளுக்கு எதுக்கு ரீசார்ஜு?"ன்னு உன் மச்சான் முணுமுணுக்கிறார். எதுக்குன்னா, அந்த நம்பருக்குத்தானே அச்சோல் பேசுவா.

உனக்குத் தெரியும், இதைப் படிக்கிற மத்தவங்களுக்குத் தெரியாதே, அதனால சொல்றேன். தெற்கு சூடான்ல நீ ஐ.நா. அமைதிப்படையோட நீலத் தொப்பி போட்டு காவல் நின்ன முகாமுக்கு, சண்டைக்குத் தப்பி, இடுப்புல குழந்தையோட ஓடி வந்தவ அவ. விறகு பொறுக்கப் போற பொம்பளைங்க கூடவே நீங்க துப்பாக்கியோட நடப்பீங்களாமே. ஊருக்குக் கிளம்பறப்ப, "எதுன்னாலும் கூப்பிடு தங்கச்சி"ன்னு நம்பரைக் குடுத்துட்டு வந்துட்ட. பெரிய மனுஷன்! நீ பாட்டுக்குச் சொல்லிட்ட, மாட்டிக்கிட்டது நான்.

போன மாசம் வாட்ஸ்அப்புல அவ குரல் வந்துச்சு. நீலத் தொப்பிக்காரங்க கிளம்புறாங்களாம், சுத்தி மறுபடியும் சண்டையாம். நீ இல்லைன்னு அவளுக்குத் தெரியும். "சிஸ்டர், யார்கிட்டயாவது சொல்லுங்க, அவங்களைப் போக வேணாம்னு"ங்குறா. மந்தைவெளியில பஸ்ஸுக்கு நிக்கிற நான் யார்கிட்ட சொல்றது? உன் பழைய மேஜருக்குப் போன் போட்டேன். "முடிவெல்லாம் மேல எடுக்கறாங்கம்மா"ன்னார். நீ அங்கே நின்னப்பவும் இதே பதில்தானா?

அப்புறம் அவகிட்டேர்ந்து சத்தமே இல்லை. நான் அனுப்புறதெல்லாம் ஒத்தை டிக்கோட நிக்குது.

ஞாயித்துக்கிழமை உனக்கு நினைவுப் பூசை. பூசையில யாருக்காக வேண்டணும்னு எழுதிக் குடுக்கிற கருத்துச் சீட்டுல உன் பேருக்குக் கீழே, அவளுக்காகவும் வேண்டிக்கட்டும்னு அவ பேரையும் எழுதிக் குடுத்தேன். பாவம், சீட்டை வாசிக்கிற கோயில் உபதேசியார் என்ன கண்டார்? "இறந்த அந்தோணி, அச்சோல் இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக"ன்னு சேர்த்தே வாசிச்சுட்டார்.

எந்திரிச்சு, "ஐயோ, அவ உயிரோட இருக்கா!"ன்னு கத்த வாய் வரைக்கும் வந்துச்சு. கத்தலை அண்ணா. இருக்காளான்னு எனக்கே தெரியலையே. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன்னை நினைச்சுத்தான் அழறேன்னு பக்கத்துல இருந்தவங்க முதுகைத் தடவிக் குடுத்தாங்க.

வர்ற ஞாயிறு யார்கிட்டயும் சீட்டு குடுக்க மாட்டேன். மன்றாட்டு நேரத்துல நானே மைக்கு முன்னாடி போய், உயிரோட இருக்கிறவங்களோட சேர்த்து அவ பேரை வாசிப்பேன். அவ குரலை நான் கேட்கற வரைக்கும் எல்லா ஞாயிறும் வாசிப்பேன், இது சத்தியம். இதால அங்கே ஒரு துப்பாக்கிகூட இறங்காதுன்னு தெரியும். வேற என்ன செய்யட்டும், நீயே சொல்லு.

உன் தங்கை, இப்போ அவளுக்கும் அக்கா,
ரீட்டா