மஞ்சக் கெழங்கும் மண்டைப் படமும்

திங்கக்கெழம. மப்பு. மழ இல்ல.

இன்னாபா போனு, நல்லாக்கிறியா? நாஷ்டா ஆச்சா? உனக்கு கரண்டுதான் நாஷ்டா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நீ பேசு நைனா, அதுவே எழுதிக்கும்"னு எம்பொண்ணு சுமதி சொல்லிக்குடுத்தது. அப்போ நல்லாருந்தா.

இப்போ ஆளே இல்லாத எடத்துல யாரோ திட்டறாங்கன்றா. சோத்துல கை வெச்சிக்கினு அப்படியே உக்காந்துடறா. மாப்ள பிரகாஷுக்கு காட்டுப்பள்ளி துறைமுகத்துல வேல. தங்கமான ஆளு. அவரு வண்டி சைலன்சர்ல ஓட்ட விழுந்துகீது, தெருமொனைலயே படபடன்னு கேக்கும். அவங்கம்மாதான், "ஊட்டு வேல செய்ய வலிக்குது, நடிக்கிறா"ன்னு சுமதிய எங்கூட்டுல கொண்டாந்து உட்டுட்டாங்க.

பக்கத்தூட்டு எரும இன்னிக்கும் கயித்த அறுத்துக்கினு போயி நம்ம கம்பிக் கம்பெனி கேட்டாண்ட நின்னுச்சு. ஷிப்டுக்கு வந்துகீதுன்னு செக்கூரிட்டி சிரிக்கிறான். இன்னா சொல்ல வந்தேன்? ஆங், ஸ்கேனு. டாக்டரம்மா நாளைக்கு மண்டைய ஸ்கேன் எடுக்கச் சொல்லிகீறாங்க.

யாராண்டயும் சொல்லாத. அம்மன் கோயில்ல நின்னு வேண்டிக்கினேன். படத்துல ஒரு கட்டி தெரியணும் தாயே. சின்னதா. அறுத்துப் போடற மாதிரி. பெத்தவன் வேண்டற வேண்டுதலா இது?

செவ்வாக்கெழம. வெயிலு. திருவள்ளூர்.

ஸ்கேன் ரூம்பாண்ட ஒரே பேஜாரு. "உள்ள பெரிய காந்தம். கம்மல், மெட்டி, தாலி எல்லாம் கழட்டணும்"னாரு ஸ்கேன் எடுக்கறவரு. சம்பந்தியம்மா குதிச்சாங்க. "எம்புள்ள குத்துக்கல்லாட்டம் நிக்கறான், தாலி கழட்டறதா?"

மாப்ள ஓடிப்போயி மஞ்சக் கெழங்கும் நூலும் வாங்கியாந்தாரு. மொதல்ல அத்த கட்டினாரு. அப்பறந்தான் தங்கத்த கழட்டினாரு, சட்டப் பையில வெச்சிக்கினாரு. சுமதி சிரிச்சா. "நைனா, எனக்கு ரெண்டாங் கல்யாணம்!" எத்தினி நாளாச்சு அவ பல்லப் பாத்து.

உள்ள டமடமன்னு சத்தம். நம்ம கம்பிக் கம்பெனில லோடு எறக்கற மாதிரி. பயந்துகினு இருப்பான்னு நெனச்சேன். வெளிய வந்து சொல்றா, "இந்த சத்தத்துல அவங்க திட்டறது கேக்கல நைனா. இன்னுங் கொஞ்ச நேரம் உள்ளயே இருந்துருப்பேன்."

வெளிய வந்து டீ குடிச்சேன். தங்கத்த நல்ல நேரம் பாத்துதான் திருப்பிக் கட்டணும்னுட்டாங்க சம்பந்தியம்மா.

வியாழக்கெழம. புழுக்கம்.

டாக்டரம்மா படத்த வெளிச்சத்துல வெச்சிப் பாத்தாங்க. "மூள நல்லாருக்கு. கட்டி கிட்டி ஒண்ணுமில்ல."

"அப்போ நோவே இல்லியா?" சம்பந்தியம்மா.

"நோவு இருக்கும்மா. இந்த நோவு படத்துல தெரியாது. வேற எதுனா காரணமான்னு பாக்கத்தான் எடுத்தோம். அந்தப் பொண்ணு சொல்றத, நீங்க சொல்றத கேட்டுத்தான் கண்டுபுடிக்கறோம். மாத்திரைய உடாம போடணும். நாளாகும், தேறுவா."

சம்பந்தியம்மா காதுல மொத பேச்சுதான் போச்சு. "ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க! அத்தினியும் நடிப்பு!" படத்த கவரோட தூக்கிக் கக்கத்துல வெச்சிக்கினாங்க. அவங்க இருக்கற மணவாள நகர் முச்சூடும் காட்டத்தான்.

நான் மெதுவா, "மாப்ள, தாலி..."

சட்டப் பையத் தொட்டாரு. அம்மா மூஞ்சியப் பாத்தாரு. "அப்பால வந்து கட்றேன் மாமா." வண்டியில ஏறிட்டாரு. சுமதி அந்த வண்டிச் சத்தம் அடங்கற வரைக்கும் கேட்டுக்கினே நின்னா.

கால் ஒடஞ்சிருந்தா ஆரஞ்சுப் பழத்தோட ஊரே பாக்க வந்துருக்கும். கட்டி இருந்தா நானே அந்தப் படத்த ஊடு ஊடா காட்டிருப்பேன். நல்லாக்கிற மூளைய வெச்சிக்கினு இன்னா பண்றது?

ஞாயித்துக்கெழம. மழ.

மாத்திர போட்டா. தூங்கினா. ரெண்டு இட்லி துன்னா. கரண்டு போயி வந்துச்சு. எருமைக்குக் கன்னு பொறந்துகீது.

கழுத்துல மஞ்சக் கெழங்கு சுருங்கிப் போச்சு. புதுசு மாத்தலாமான்னேன். "வாணாம். அவரு வந்து தங்கத்த கட்டுவாரு." நான் போன் போட்டா மாப்ள எடுக்கவே மாட்டேன்றாரு. அத்த நான் அவகிட்ட சொல்லல.

திட்டறவங்க இன்னிக்கு வரலியாம். கேட்டதும் எனக்கு அழுகயா வந்துடுச்சு. டாக்டரம்மா சொன்னது நெசந்தான் போல, கொஞ்சங் கொஞ்சமா

"நைனா! அவரு வண்டி! படபடன்னு வருது, கேக்குதா?"

மழ சத்தந்தான் கேக்குது எனக்கு. நல்லா உத்துக் கேக்கறேன். நெசமாவே வருதா, இல்ல மறுபடியும் அவளுக்கு மட்டும்

"நைனா, கதவத் தொற! நனையப் போறாரு!"

வரேம்மா. தோ வரேன். தொறந்து பாத்து அங்க யாரும் இல்லன்னா நான் அவகிட்ட இன்னான்னு