இரண்டு லேப், ஒரே பிள்ளை

கஹவத்தை,
ஆடி மாதம், 2008

என்னங்க,

கட்டாரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே மழை விட்டுவிட்டது, மலையில் தேயிலைக் கொழுந்து நிறைய. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வேறெங்கோ போகிறது.

நம் மகள் பெரியவள் கொழும்பில் வீட்டுவேலையை விட்டு வந்ததிலிருந்து கால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்கிறாள். டொக்டர் ரத்தத்தில் விட்டமின் டி பார்க்கச் சொன்னார். வெயில் படாவிட்டால் அது குறையுமாம். முதலில் பார்த்த லேப்பில் மிகவும் குறைவு என்றார்கள். நம்ப முடியாமல் அதே கிழமைக்குள் இன்னொரு லேப்பில் கொடுத்தேன். அங்கே, பரவாயில்லையாம்!

லேப் தம்பியிடம் சண்டைக்கே போனேன். "அக்கா, ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு முறையில அளக்குது. ஒரே ரத்தம்னாலும் நம்பர் ஒத்து வராது" என்றான். பிறகு எதற்குத்தான் அளக்கிறார்களோ!

அவள் வேலை செய்த வீட்டு எஜமானிக்கு, அந்த நோனாவுக்கு, போன் எடுத்தேன். பிள்ளை தினமும் மொட்டை மாடியில்தானே உடுப்புக் காயப்போட்டாள், வெயிலுக்கு என்ன குறை என்கிறார். இரண்டாவது லேப் சரியென்றால் நோனா சொல்வதும் சரி. அதையே நம்பிவிடலாம் என்றிருந்தேன். பெரியவளிடம் கேட்டால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிறாள்.

இன்று காலை நம் லயத்து வீட்டு வாசலில் நல்ல வெயில். அடுப்படியிலிருந்தே, "கொஞ்ச நேரம் வெயில் காஞ்சிட்டு வாடி" என்றேன். எட்டிப் பார்த்தால், திறந்து கிடந்த கதவுக்கு உள்பக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"வெளிய போகலாங்களா, நோனா?" என்று என்னைக் கேட்டாள்.

கையைப் பிடித்து வெயிலுக்குக் கூட்டிவந்தேன். முதல் லேப் சொன்னதுதான் சரிங்க.

உங்கள் வீட்டுக்காரி