குறுக்கே வெட்டிய அட்டை

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தனியாக ஒரு கடிதம் போடும் அளவுக்குக் குறை வைத்திருக்கிறது, அதை விடு. மருமகளுக்கு இருமல் நின்றதா, போனில் கேட்டால் நின்றுவிட்டது என்கிறாய், உன் பின்னால் அவள் இருமுவது எனக்குக் கேட்கத்தானே செய்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டடம் கட்டுவதற்கு முன்னால் அதைச் சின்னதாக அட்டையில் செய்து காட்டுகிற பட்டறையில் உன் மகள், நம் வாலு, வேலை கேட்டிருந்தாள் அல்லவா, படித்த படிப்புக்கு அட்டை ஒட்டுகிற வேலையா என்று நீகூட வைதாயே, அந்தப் பட்டறைக்காரர் போன புதன்கிழமை சோதனைக்கு வரச் சொன்னார். ஒரு பள்ளிக்கூடம் செய்ய வேண்டும், அதன் முன்சுவர் அரைவட்டமாக வளைந்து வர வேண்டும். அட்டையை அவளே தேர்ந்தெடுத்து, துண்டுகளை வீட்டிலேயே வெட்டிக்கொண்டு போய், அவர் கண் முன்னால் ஒட்டி நிறுத்த வேண்டும். நின்றால் வேலை, இல்லையென்றால் இல்லை. அட்டை வாங்க நானும் கூடப் போனேன். அவள் ஒவ்வொன்றையும் தட்டுகிறாள், ஓரத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்க்கிறாள், மூலையை மடக்குகிறாள், கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, நகைக்கடையிலகூட இப்படிப் பார்க்கமாட்டாங்கம்மா என்றே சொல்லிவிட்டார். பெட்டி செய்கிற அட்டை, உள்ளே அலை அலையாக இருக்குமே, அது தரைக்கு மட்டும்தான் ஆகுமாம், சுவருக்கு வைத்தால் வெட்டின ஓரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமாம். நேர்ச்சுவருக்குச் சாம்பல் நிறத்தில் கெட்டியாக வருகிற மில்போர்டு, வளைவுக்கு மெல்லிசான வெள்ளை அட்டை.

இனி நான் செய்த காரியத்தைக் கேள். புதன்கிழமை காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். வெட்டிய துண்டுகள் மேஜையில் இருந்தன. நான் வைத்த டீ டம்ளரை எடுத்துப் பார்த்தால் அந்த வளைவுச் சுவர்த் துண்டின் மேல் வட்டமாகக் கறை, அட்டை வேறு ஊதிவிட்டது. மீதி அட்டை இருந்தது, அளவு வைத்து வெட்டுவது எனக்குப் புதுசா என்ன, எத்தனை வருஷம் ஊராருக்குத் தைத்திருக்கிறேன். பழைய துண்டை மேலே வைத்துக் கோடு போட்டு, நூல் பிசகாமல் வெட்டி வைத்துவிட்டேன். அட்டை வீணாகாமல் இருக்கட்டுமே என்று துண்டைக் குறுக்கே திருப்பிப் போட்டு வெட்டினேன். துணிக்கு நீளவாக்கு, குறுக்குவாக்கு உண்டென்று எனக்குத் தெரியாதா, அட்டைக்கும் உண்டென்று யார் கண்டார்கள். அவளிடம் சொல்லவும் இல்லை. போகிற நேரத்தில் ஏன் கலக்க வேண்டும் என்று நினைத்தேன், திட்டுவாளே என்ற பயமும்தான்.

பட்டறையில் நீள மேஜை, மேஜை நிறையக் கத்தியும் பசையும், சுவரோரம் ஒரு பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். மற்ற சுவரெல்லாம் நின்றுவிட்டது. கடைசியில் அந்தத் துண்டை எடுத்து வளைத்தாள், வளையாமல் படக் படக்கென்று நாலு இடத்தில் மடிந்தது. அவள் முகம் அட்டையைவிட வெளுத்துப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து போய், அது நான் வெட்டினதுங்க, இவ மேல தப்பில்ல என்றேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாட்டி, நீங்க கொஞ்சம் உக்காருங்க, அவ சொல்லட்டும் என்றார் பட்டறைக்காரர். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். துண்டை இப்படியும் அப்படியும் லேசாக மடக்கிப் பார்த்துவிட்டு, அட்டையோட நார் குறுக்கே படுத்துக்கெடக்கு சார், வளைவுக்கு மேலயும் கீழயுமா ஓடணும், வேற அட்டை தாங்க என்று கேட்டாள். அவர் வேண்டுமென்றே ஐந்தாறு விதத்தைக் கலந்து ஒரு கட்டு அட்டையை அவள் பக்கம் தள்ளிவிட்டார். எல்லாமே வெள்ளை, எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவள் இரண்டை மடக்கிவிட்டு ஒதுக்கினாள், மூன்றாவதின் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி நாக்கில் நனைத்து அது எந்தப் பக்கம் சுருளுகிறது என்று பார்த்தாள், அதிலேயே வெட்டினாள். அரைமணி நேரத்தில் சுவர் ஒரு மடிப்பு இல்லாமல் வளைந்து நின்றது. அவர் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான். திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துரும்மா, பாட்டியை மட்டும் வீட்டுல விட்டுட்டு வா.

வரும் வழியெல்லாம் அவள் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். தெரு முனைக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள் வீட்டுப் பூட்டைத் திறக்கிற வரை நிறுத்தவில்லை.

உன்னிடம் சொன்னால் பார்க்கலாம் என்பாய், நீ பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். அதனால் நானே போகச் சொல்லிவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது அவள் வேலைக்குப் போய் நாலைந்து நாள் ஆகியிருக்கும். கோபம் வந்தால் என்மேல் காட்டு, காலையில் கூப்பிடு, அப்போது அவள் வீட்டில் இருக்க மாட்டாள். மருமகளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக மறக்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

மகளைச் சாயந்தரம் கூப்பிடு. இன்றைக்கு எந்த அட்டையில் என்ன செய்தாய் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதே.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா