விபூதி பூசிய விடுவிப்புக் கடிதம்

முதலில் ஒரு திருத்தம். கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தம்மா ஏழு ஆட்டக்காரர்களை அணியிலிருந்து தூக்கி எறிந்துவிட்டார் என்று ராமநாதபுரத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் கடிதம் அனுப்பிய அன்றைக்கு நாற்பத்தேழாவது நாள். ஏழு பேர் என்பது சரி. ஆனால் நீக்கியவர், இறந்துபோன அந்தக் கணவரான நீங்கள். நீங்கள் வாயால் சொல்லாமல் விட்டதை நான் எழுத்தில் போட்டேன். என் பங்கு அவ்வளவுதான். அந்தப் பங்கை நான் மறுக்கவும் இல்லை.

இப்போது என் மேசை இழுப்பறையைத் திறந்தால் விபூதியும் நீலகிரித் தைலமும் கலந்த வாசனை வருகிறது. உள்ளே ஒரு நீளக் கவர் இருக்கிறது. மேலே என் கையெழுத்தில், அந்த ஏழு பேரில் ஒருவனான காளிமுத்துவின் கடலாடி விலாசம். அதன்மேல் மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. ஒட்டிய பக்கம் ஒட்டியபடியே இருக்கிறது. அந்தக் கவரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் கால்பந்து அணி லீக்கில் கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்த அந்த ஏப்ரல் மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. இன்னொரு தோல்வி என்றால் கீழ் டிவிஷனுக்குப் போயிருப்போம். அந்த வாரம் முழுவதும் நம் ஐஸ் கம்பெனி அலுவலகத்தில் நீங்களும் பயிற்சியாளர் செல்வினும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று உங்கள் பச்சை நோட்டில் ஒவ்வொரு பெயராக எழுதினீர்கள். பின்பக்கம் ஐஸ் அரைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி நீங்கள் இருவரும் கத்துவீர்கள். கழகத்தின் கடிதங்கள் எல்லாம் என் பொறுப்பு என்பதால் நானும் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

முடிவானதும் ஏழு பேரையும் ஒருவர் பின் ஒருவராக நீங்களே கூப்பிட்டீர்கள். ஒருவரிடமாவது "உன்னை எடுக்கவில்லை" என்று சொன்னீர்களா? டீ வரவழைத்தீர்கள். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டீர்கள். பிள்ளையின் படிப்பை விசாரித்தீர்கள். கடைசியில் தோளைத் தட்டி, "போய்ட்டு வா" என்றீர்கள். அவர்களும் "வாரேன்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நம் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. வாரேன் என்றால்தான் போகிறோம் என்று அர்த்தம். நீங்கள் ஆர்.எஸ்.மங்கலத்தில் பெரிய வீட்டுப் பிள்ளை. அறுப்புக்கு வந்த ஆளைக்கூட "இனி வராதே" என்று உங்கள் வீட்டில் சொன்னதில்லை என்று பெருமையாகச் சொல்வீர்கள். அதற்குப் பதிலாக என்ன நடந்தது என்று நான் கேட்டதுண்டு. "அவனா புரிஞ்சுக்கிருவான்" என்பீர்கள்.

போன வருடம் வரை அதைச் சமாளித்தீர்கள். ஜூன் மாதம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "தம்பி, அந்த டீம்ல சொல்லி வச்சிருக்கேன், போய்ச் சேந்துக்க" என்பீர்கள். விடுவிப்புக் கடிதத்தைக் கடைசி நாளில் பயிற்சியாளர் கையில் கொடுத்தனுப்புவீர்கள். கழகமும் ஆட்டக்காரரும் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் இல்லாமல் வேறு எந்த அணியும் ஒருவரைச் சேர்க்க முடியாது. இந்த வருடம் மே மாதத்திலேயே நீங்கள் போய்விட்டீர்கள். ஏழு பேரும் வீட்டில் உட்கார்ந்து நாம் கூப்பிடுவோம் என்று காத்திருந்தார்கள்.

கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், "படிக்கிறவர் ஊகிக்க ஒன்றும் மிச்சம் வைக்காதே" என்பார். அப்படித்தான் எழுதினேன். வரும் பருவத்துக்கு உங்களைப் பதிவு செய்யவில்லை. விடுவிப்புக் கடிதம் இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு, வேறு அணியில் சேர்ந்துகொள்ளுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பவும். ஏழு கடிதம், ஏழு கவர். ஆறு பேரிடமிருந்து கையெழுத்து வந்தது. இரண்டு பேர் கூடவே வசவும் எழுதியிருந்தார்கள். பிழைகளைத் திருத்தாமல் கோப்பில் வைத்தேன்.

காளியிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

பட்டியலைப் பதிவு செய்யக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பயணப் பையும் பூட்ஸுமாக அலுவலக வாசலில் வந்து நின்றான். நெற்றி நிறைய விபூதி. முட்டியில் தேய்த்த தைலம் அவனுக்கு முன்னால் உள்ளே வந்தது. பத்து வருடம் நம் கோலுக்கு முன்னால் ஸ்டாப்பராக நின்று, வருகிற பந்தையெல்லாம் நெஞ்சால் வாங்கியவன். முப்பத்து நாலு வயதாகிறது.

"உத்தரகோசமங்கை போய்ட்டு நேரா வாரேன்மா" என்று கவரை இரண்டு கையாலும் நீட்டினான். "சாமி பாதத்துல வச்சு எடுத்தாந்துருக்கேன். அய்யா இல்லாத மொத வருசம். உங்க கையால எனக்குத் திருப்பிக் குடுங்க."

"பிரித்துப் படித்தாயா?"

"எதுக்கும்மா? வருசா வருசம் அதே லெட்டருதான. கேம்ப் எப்ப, என்னென்ன கொண்டு வரணும், தலைமுடிய ஒழுங்கா வெட்டிட்டு வரணும். பிரிக்காமயே ஒப்பிப்பேன்."

அவன் சொன்னது சரி. பத்து வருடமாக ஜூன் மாதம் என் கையெழுத்தில் அவனுக்குப் போன கவர் எல்லாம் முகாமுக்குக் கூப்பிடும் கடிதம்தான். வேறு கடிதம் என்னிடமிருந்து போகும் என்று அவன் ஏன் நினைக்கப் போகிறான்? புதுக் கவர் வாங்கும் செலவு மிச்சம் என்று அதே நீளக் கவரில் போட்டவள் நான்.

செல்வின் என்னைப் பார்த்தார். அவர் மேசையில் இருந்த பட்டியலில் ஸ்டாப்பர் இடத்தில் புதிய ஆளின் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தது. மாலை ஐந்து மணிக்குப் பதிவு மூடிவிடும்.

உட்காரச் சொல்லி, நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். காளி முதலில் சிரித்தான். "அம்மா, வெளையாடாதீக."

"நான் எப்போது விளையாடியிருக்கிறேன்?"

சிரிப்பு நின்றது. "அய்யா போய்ட்டு வா காளின்னாகல்ல. நீங்களும் அந்த மூலையில உக்காந்திருந்தீகல்ல. வான்னு சொன்னாகளா இல்லையா?"

சொன்னீர்கள். நான் கேட்டேன். அன்றைக்கே "வாரேன்யா" என்று அவன் சொன்ன விதத்தில், அவன் புரிந்துகொள்ளவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அடுத்தவர் பேச்சில் ஒரு ஒற்றுப் பிழை விழுந்தாலும் திருத்துகிற நான், அன்று வாயைத் திறக்கவில்லை. நீங்கள் போன் போட்டுச் சொல்லிக்கொள்வீர்கள் என்று இருந்துவிட்டேன். அந்த ஒரு நிமிட மௌனத்துக்கு நான்தான் பொறுப்பு.

விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. மே மாதமே கோவைப் பக்கத்து அணி ஒன்று அவனைக் கூப்பிட்டிருக்கிறது. நமக்கு ஒரு படி கீழே ஆடுகிற அணி. கேப்டன் பொறுப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "எங்க அய்யா வரச் சொல்லிருக்காக" என்று மறுத்துவிட்டானாம். நானே அந்த அணியின் மேலாளருக்குப் போன் போட்டேன். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, ஐந்து மணிக்குள் இரண்டு கையெழுத்தோடு கடிதம் வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்.

ஆக, அன்று அந்த அறையில் இருந்த கணக்கு இதுதான். கையெழுத்துப் போட்டால் அவனுக்கு ஓர் அணி உண்டு. போடாவிட்டால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. முப்பத்து நாலு வயதில் ஒரு வருடம் வெளியே உட்கார்ந்தவனை மறு வருடம் யார் கூப்பிடுவார்கள்?

அவனுக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

"கையெழுத்துப் போட்டா, அய்யா பொய் சொன்னாகன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரிம்மா. மாட்டேன். வேணும்னா வீட்ல உக்காந்துக்கிறேன்."

"ஏ காளி, கூறுகெட்டவனே, வருசம் போயிருமப்பா" என்றார் செல்வின்.

"போகட்டும் கோச். நேத்து வந்த ஆளு நீங்க. உங்களுக்குத் தெரியாது."

மூன்று மணி ஆனது. கடற்காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருந்தது. செல்வின் இரண்டு முறை வெளியே போய் வந்தார். "மேடம், நம்ம இருபத்தஞ்சு பேர் பட்டியல்ல ஒரு எடம் மாத்தணும்னா இப்பவே சொல்லிருங்க. புது ஆள நிறுத்தி வைக்கலாம். ஆனா மறுபடி அதே ஓட்டையோட எறங்குவோம், அத மட்டும் சொல்லிட்டேன்" என்று காதருகே சொன்னார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிடம் பேனாவை எடுத்தேன். புதிய பெயரை அடித்துக் காளியின் பெயரை எழுத என் ஒருத்தியின் கையெழுத்துப் போதும். எல்லோரும் என்னை நல்லவள் என்றிருப்பார்கள். அணி கீழே போயிருக்கும். நீங்கள் ஒரு வாரம் தூங்காமல் எடுத்த முடிவும் அதோடு போயிருக்கும்.

நாலேகால் மணிக்கு இரும்பு அலமாரியைத் திறந்து உங்கள் பச்சை நோட்டை எடுத்தேன்.

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கார் ஏறும்போது நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. "நோட்ட மட்டும் யாருக்கும் காட்டாத" என்றீர்கள். நம் ஐம்பத்தொரு வருட வாழ்க்கையில் உங்கள் சொல்லை மீறுவது அது முதல் தடவை அல்ல. ஆனால் பதில் பேச நீங்கள் இல்லாத நேரத்தில் மீறியது அதுதான் முதல் தடவை.

காளியின் பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன். அவன் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

"காளி. வேகம் குறைந்துவிட்டது. நமக்கு இனிப் போதாது. கீழ் டிவிஷனில் இன்னும் மூன்று வருடம் ராஜா மாதிரி ஆடுவான். கோவைக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை."

கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தான். பிறகு விரலை அந்த வரியின் கீழே வைத்தான்.

"அந்த டீமுக்கு அய்யாதான் சொன்னாகளா?"

"அவர்தான் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் மே மாதமே உன்னை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்? உன்னிடம் சொல்லத்தான் அவருக்கு வரவில்லை."

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டாக" என்றான். அதில் கோபம் இருந்தது. இருக்கட்டும். அந்தக் கோபம் அவனுக்கு உரியது, உங்களுக்குச் சேர வேண்டியது. அதை நான் தடுக்கவில்லை.

கோப்பில் இருந்த நகலை எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டான். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செல்வின் அதைப் படமெடுத்து அனுப்பினார். காளி கோவைக்கு, புதிய ஆள் நமக்கு. இரண்டு பதிவும் ஏறிவிட்டன என்று தகவல் வரும்வரை ஒருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிறகு காளி பையைத் தோளில் மாட்டினான். வாசல்வரை போய்த் திரும்பி, பழக்கத்தில் "வா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"போறேன் என்று சொல், காளி. இன்றைக்காவது ஒருவர் இந்த அறையில் சரியாகச் சொல்லட்டும்."

"அது என் வாயில வராதும்மா." தலையைக் குனிந்தான். "துக்க வீட்டுல வாரேன்னும் சொல்லப்படாது. நான் என்னதான் சொல்ல?"

ஒன்றும் சொல்லாமலே படியிறங்கினான். துக்கம் கேட்க வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவார்களே, அப்படி. கவர் மேசையிலேயே கிடந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சாமி பாதத்தில் வைத்து எடுத்ததை நான் ஏன் கிழிக்க வேண்டும்? இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

நோட்டைக் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்க நான் இதை எழுதவில்லை. திரும்ப அதே நாள் வந்தாலும் காட்டுவேன், இன்னும் சீக்கிரமாக, காலை பதினோரு மணிக்கே.

எனக்கு வேண்டியது வேறு. அன்று கார்க் கண்ணாடியை இறக்கி, நோட்டைப் பற்றிச் சொல்லி முடித்ததும், "ரெண்டு நாள்ல வாரேன்" என்றீர்கள். நான் வாசலில் நின்று, "சரி, போய்ட்டு வாங்க" என்றேன். அது எந்த வாரேன்? இனிப் பிழைக்க வழியில்லை என டாக்டர் உங்களிடம் முன்பே சொல்லிவிட்டதைப் பிறகு தெரிந்துகொண்டேன். என்னிடம் மட்டும் எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தெரியவில்லையா, அல்லது நானாகப் புரிந்துகொள்வேன் என்று விட்டுவிட்டீர்களா? இன்றும் மதுரையிலிருந்து வரும் கார் தெருமுனையில் திரும்பினால் என் காது அங்கே போகிறது.

ஏழு பேருக்கும் விடுவிப்புக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை.

பதிலை எழுத்தில் அனுப்பவும்.