தாய் வீட்டுக்கு ஒரு கட்டம்

நர்சம்மா,

பெரியவன் மகன் துறைமுகத்தில் இன்ஜினியர். சின்னவன் மகள் பல் டாக்டருக்குப் படிக்கிறாள். மகள் வயிற்றுப் பேத்தி ரம்யா, நீ தடுப்பூசி போட்ட பிள்ளை, பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறாள். உன் கையில் இருந்த டேப்பில், சர்க்கார் கொடுத்த அந்தக் கைக் கம்ப்யூட்டரில், ஓடியதும் அவளும் கூட்டாளிகளும் செய்த மென்பொருள்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாமாம். இன்று தபாலில் அவளுடைய மாநாட்டுப் போட்டோ வந்தது. மேடை நிறைய ஆட்கள். கண்ணாடி போட்டுத் தேடினேன். ஒரு நர்சு இல்லை.

போன வருஷம் அதே மாநாட்டுக்கு உன்னைக் கூப்பிட்டார்களே, துணைக்கு நானும் வந்தேனே. பிள்ளைத்தாய்ச்சிகள் பெயரை எழுதிவந்த நோட்டை நீ மடியிலேயே வைத்திருந்தாய். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகிற பெண்ணை எங்கே எழுதுவது? டேப்பில் அதற்குக் கட்டமே இல்லை. ‘வரவில்லை’ என்று சிவப்பாகக் காட்டும். மாசாமாசம் மீட்டிங்கில் நின்று திட்டு வாங்கினாய். “பொண்ணு இன்னா ஓடியா போச்சு? அம்மா வூட்ல கீது!” என்பாய். பிரஷர் ஏறிய பெண் ஒருத்தி சாலவாக்கத்தில் தாய் வீட்டுக்குப் போனபோது, அங்கிருந்த நர்சுக்குத் தகவலே போகவில்லை. நீதான் வண்டி எடுத்துக்கொண்டு ஓடினாய்.

மாநாட்டில் உனக்குச் சால்வை போட்டார்கள், விளக்கேற்ற வைத்தார்கள். நோட்டைப் பிரித்ததும் மைக்கை வாங்கிக்கொண்டான் ஒருத்தன். “டைம் இல்லை மேடம், டீ பிரேக்கில் பேசலாம்.” டீயும் ஆறியது, ஒருத்தரும் வரவில்லை. பஸ்ஸில் நீ சிரித்தாய்: “வெளக்கு ஏத்த ஒரு ஆளு வேணும்க்கா, அதான் இட்டுக்கினு போனாங்க.” நான் என்ன செய்தேன்? சால்வையோடு எடுத்த படத்தை அனுப்பச் சொல்லி ரம்யாவிடம் கேட்டேன். அதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது. தை மாதம் நீ கண்ணை மூடிவிட்டாய்.

இன்று ரம்யாவுக்குப் போன் போட்டேன்.

“இன்னா ஆயா, போட்டோ நல்லா கீதா?”

“நர்சு எங்கடி?”

“அது டெக்னிக்கல் பேச்சு ஆயா...”

“யாரு வேணும்னாலும் திருத்தலாம்னியே, அதுல நர்சம்மா சேத்தி இல்லியா? டேப்ப தூக்கிக்கினு வெயில்ல அலைஞ்சது நீயா?”

“நர்சம்மா நோட்டைப் போட்டோ புடிச்சி அனுப்பு ஆயா” என்றாள்.

மாட்டேன் என்றேன். அவளே வந்து, உன் இடத்துக்கு வந்திருக்கிற புது நர்சு பக்கத்தில் குந்திப் படிக்கட்டும். அடுத்த மேடையில் நோட்டோடு அந்த நர்சுப் பெண் பேசட்டும். அதுவரை புதுப் போட்டோ அனுப்பு என்று நான் கேட்க மாட்டேன்.

நீ என்னிடம் விட்டுப்போன நோட்டு என் தலைமாட்டில் இருக்கிறது. முதல் பக்கம், முதல் பெயர் என் மகள், ரம்யாவைச் சுமந்து இங்கே வந்த அவள் அம்மா. எதிரே ‘தாய் வீடு’ என்று எழுதி, என் பெயரைப் போட்டிருக்கிறாய்.