மேசைக்கு அடியில் முந்நூறு ஒயர்கள்

எக்கார்ட்,

உருளைக்கிழங்கு சாலட் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சாசேஜைக் கொதிக்க விடாதே, வெந்நீரில் சூடானால் போதும். நிலவறைச் சாவி உன் கோட்டுப் பையில்.

மூன்று மணிக்கு, நிலவறையில் இருக்கும் நம் குட்டி ரயிலைப் பார்க்க மாதிரி ரயில் சங்கத்தார் வந்துவிடுவார்கள். நேற்று பக்கத்து வீட்டு ஃபோல்க்மாரிடம், "எல்லாம் நானே செஞ்சது, மூணு வருஷமா!" என்றாய்.

"அப்போ ஹைட்ரூன் என்னதான் பண்ணாங்க?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் அவர்.

"காபி போட்டா!"

நானும் உங்களோடு சிரித்தேன். ஆனால் வலித்தது.

ரயிலுக்காக மேசைமேல் நீ கட்டிய குட்டி ஹார்ட்ஸ் மலையும் சுரங்கமும் அத்தனை அழகு. எனக்கும் பெருமைதான். ஆனால் மேசைக்கு அடியில் படுத்து, முந்நூறு ஒயர்களை நிறம் பிரித்து இழுத்தவள் நான். ஒன்றுகூட இன்னொன்றோடு சிக்கவில்லை. அந்த மலையில் ரயில் ஏறுவதும், சிக்னலில் நிற்பதும் அவற்றால்தான். நாலு பேர் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்காதா?

வேலை முடிந்து ஆறு மணிக்கு வருகிறேன்.

ஹைட்ரூன்

பி.கு.: ரயில் ஓடவில்லை என்று பதறாதே. ஒரே ஒரு சிவப்பு ஒயரைக் கழற்றி வைத்திருக்கிறேன். அடியில் விளக்கு எரிகிறது. முட்டி போட மெத்தையும் உண்டு. சங்கத்தார் எல்லாரும் குனிந்து பார்த்த பிறகு மாட்டு.